மெதைல் புரோமைட்டு விலக்குகள்: யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

எந்த மருந்தைப் பற்றிய பேச்சு இது?

மெதைல் புரோமைட்டு. நிறமில்லாத வாயு. 3.6 பாகை செல்சியசில் கொதித்துவிடும் என்பதால் அமுக்கத்தில் திரவமாக்கி உருளையில் அடைத்துத்தான் விற்றார்கள். பயிர் வைப்பதற்கு முன் பொலித்தீன் விரிப்பின் கீழே மண்ணுக்குள் செலுத்தினால் வட்டப்புழு, பூஞ்சணம், களை விதை, மண்ணிலுள்ள பூச்சி எல்லாம் ஒரே அடியில் சாகும். தானியக் களஞ்சியம், மா ஆலை, கப்பலில் ஏறும் மரம் ஆகியவற்றுக்கும் இதே வாயுதான். இலங்கையில் தேயிலை நாற்றுமேடை மண்ணில் வட்டப்புழுவை ஒழிக்க ஒரு காலத்தில் இதைப் பாவித்தார்கள்.

மண்ணுக்குள் செலுத்தியதில் பெரும் பங்கு கடைசியில் வானத்துக்கே போகிறது. மேலே போனதும் புரோமின் அணு பிரிந்து ஓசோனைச் சிதைக்கிறது. அணுவுக்கு அணு பார்த்தால் குளோரினைவிடப் புரோமின் ஏறத்தாழ 60 மடங்கு வல்லது. ஆனால் மெதைல் புரோமைட்டு வளிமண்டலத்தில் ஒரு வருடம்கூடத் தங்குவதில்லை. குளிரூட்டி வாயுக்கள் சில நூறு வருடம் வரை நிற்கக்கூடியவை. ஆகவே இந்த வாயுவை நிறுத்தினால் பலன் சில வருடங்களிலேயே தெரியும். தடைக்குப் பிறகும் பாவிக்க வருடா வருடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு விலக்கிலும் நாடுகள் இவ்வளவு சண்டை பிடித்ததற்கு இதுவும் காரணம்.

நாங்கள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற மருந்துகளும் ஓசோனைக் கெடுக்குமா?

இல்லை. அவற்றால் கிணற்றுத் தண்ணீருக்கும் அடிப்பவரின் உடலுக்கும் கேடு வரலாம். ஆனால் அவை ஓசோன் படை வரை போவதில்லை. ஓசோன் படையைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மொன்றியல் உடன்படிக்கையின் பட்டியலில் வேளாண்மைக்கென்றே பரவலாகப் பாவிக்கப்பட்ட பொருள் மெதைல் புரோமைட்டு மட்டும்தான்.

தடை எப்போது வந்தது?

உடன்படிக்கை 1987இல் கைச்சாத்தானது. மெதைல் புரோமைட்டு அதற்குள் வந்தது 1992இல், கோப்பன்ஹேகன் மாநாட்டில். 1997இல் மொன்றியலில் கூடிய தரப்பினர் மாநாடு, அதாவது உடன்படிக்கையில் இணைந்த நாடுகளின் மாநாடு, இறுதிக் கால அட்டவணையை வகுத்தது. வளர்ந்த நாடுகள் 1991ஆம் வருடப் பாவனையை அடிப்படையாக வைத்து 1999இல் 25 வீதம், 2001இல் 50 வீதம், 2003இல் 70 வீதம் குறைத்து, 2005இல் முற்றாக நிறுத்த வேண்டும். வளர்முக நாடுகளுக்கு 1995 முதல் 1998 வரையான சராசரி அடிப்படை. 2002இல் அந்த அளவோடு உறைநிலை, 2005இல் 20 வீதக் குறைப்பு, 2015இல் முழுத் தடை. இலங்கை 1989இல் உடன்படிக்கையில் இணைந்த நாடு, இரண்டாவது பிரிவில் வருகிறது.

முழுத் தடை என்ற பிறகு விலக்கு எதற்கு?

1997இல் கால அட்டவணையை முன்னுக்கு இழுக்கச் சம்மதித்த நாடுகள் ஒரு கதவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டன. அதுதான் கட்டாயத் தேவை விலக்கு. அந்த மாநாட்டின் தீர்மானம் 9/6 இதற்கு நிபந்தனைகள் வைத்தது. வாயு கிடைக்காவிட்டால் சந்தையில் கணிசமான குழப்பம் ஏற்படும் என்று நாடு காட்ட வேண்டும். தொழில்நுட்ப ரீதியிலும் பொருளாதார ரீதியிலும் சாத்தியமான, சூழலுக்கும் சுகாதாரத்துக்கும் ஏற்புடைய மாற்று அந்தப் பாவனையாளருக்கு இல்லை என்றும் காட்ட வேண்டும். இவற்றுக்கு மேல், பாவனையையும் கசிவையும் குறைக்க இயன்றதெல்லாம் செய்திருக்க வேண்டும். கையிருப்பு போதாது என்றால்தான் புது உற்பத்தி. மாற்றுகளைச் சோதித்துப் பதிவு செய்விக்கும் முயற்சியும் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

கோளாறு இரண்டு சொற்களில் இருந்தது. "கணிசமான சந்தைக் குழப்பம்" என்றால் எவ்வளவு? "பொருளாதார ரீதியில் சாத்தியம்" என்றால் இலாபம் எத்தனை வீதம் குறையும் வரை? தீர்மானத்தில் இதற்கு எண் இல்லை. எண் வைத்திருந்தால் 1997இல் உடன்பாடே வந்திராது. வைக்காததால் பின்னர் ஒவ்வொரு வருடமும் அந்த எண்ணைப் பற்றியே பேரம் நடந்தது.

எங்கள் கூட்டுறவுச் சங்கம் நேரடியாக விலக்குக் கேட்கலாமா?

முடியாது. அரசு மட்டுமே கேட்கலாம். எந்த நாட்டிலும் வழி இப்படித்தான் போகும். பயிர்ச் சங்கம் தன் அரசிடம் கோரிக்கை கொடுக்கும். அரசு அதை வடிகட்டி, ஜனவரி 24க்கு முன் நைரோபியிலுள்ள ஓசோன் செயலகத்துக்கு முன்மொழிவாக அனுப்பும். மெதைல் புரோமைட்டுக்கான தொழில்நுட்பக் குழு அதை ஆராய்ந்து, தெளிவில்லாத இடங்களில் கேள்வி அனுப்பும். வருட நடுவில் கூடும் செயற்குழுவில் குழுவின் இடைக்கால மதிப்பீடு பேசப்படும். முன்மொழிந்த நாடு குழுவோடு தனியே அமர்ந்து விளக்கம் கொடுக்கும். பிறகு இறுதி அறிக்கை, வருடக் கடைசியில் தரப்பினர் மாநாடு. விலக்கின் அளவை முடிவு செய்வது மாநாடு, குழு பரிந்துரை மட்டுமே செய்யும். 2004இல் பிராக் நகரில் கூடிய மாநாடு இந்த ஒழுங்கை எழுத்தில் வகுத்தது.

முன்மொழிவில் என்ன இருக்க வேண்டும்? எங்கே சறுக்குகிறார்கள்?

பயிர், இடம், எந்தப் பீடை, எத்தனை ஹெக்டயர், சதுர மீற்றருக்கு எத்தனை கிராம், எந்தக் கலவை, எந்த விரிப்பு, ஒவ்வொரு மாற்றும் ஏன் சரிவரவில்லை என்பதற்குப் பரிசோதனை முடிவு, செலவு வரவுக் கணக்கு, வருடா வருடம் எப்படிக் குறைப்பது என்ற திட்டம். இத்தனையும் வேண்டும்.

சறுக்கும் இடங்கள் பல. மாற்று மருந்திட்ட பாத்தியை மருந்தே இடாத பாத்தியோடு ஒப்பிட்டால் அந்தப் பரிசோதனை எதையும் சொல்லாது. பக்கத்தில் மெதைல் புரோமைட்டு இட்ட பாத்தியும் இருக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் செய்த சோதனையைக் களிமண் நிலத்துக்குச் சான்றாகக் கொடுப்பது இன்னொரு பிழை. பீடைத் தாக்கம் கடுமையாக உள்ள நிலத்தை மட்டும் கணக்கெடுக்காமல் மாவட்டத்தின் முழுப் பரப்பையும் எழுதிவிடுவார்கள். சென்ற வருட அளவையே இம்முறையும் கேட்டால் குறைப்புத் திட்டம் நடக்கவில்லை என்று பொருள். தரவு போதாவிட்டால் குழு "மதிப்பிட இயலவில்லை" என்று எழுதும். அந்தச் சொல்லோடு மாநாட்டுக்குப் போகும் தூதுவரின் கை கட்டப்பட்டதுபோல்தான்.

அளவைக் குழு எப்படி வெட்டும் என்பதை எங்கள் கணக்கில் பார்ப்போம். ஒரு ஏக்கர், அதாவது 16 பரப்பு, 4,047 சதுர மீற்றர். 98 வீதம் மெதைல் புரோமைட்டும் 2 வீதம் குளோரோபிக்ரின் என்ற கண்ணெரிக்கும் மருந்தும் உள்ள கலவையைச் சதுர மீற்றருக்கு 40 கிராம் வீதம் இட்டால் ஏக்கருக்கு மெதைல் புரோமைட்டு மட்டும் கிட்டத்தட்ட 159 கிலோ. வாயுவை வெளியே விடாத தடுப்பு விரிப்பைப் போட்டு, பாதிக்குப் பாதிக் கலவையை 30 கிராம் வீதம் இட்டால் 61 கிலோ. முழு நிலத்துக்கும் இடாமல் நிலத்தின் 60 வீதமான பாத்திகளுக்கு மட்டும் இட்டால் 36 கிலோ. அதே ஏக்கர், அதே பயிர், நாலில் ஒரு பங்குக்கும் குறைந்த வாயு. "தடுப்பு விரிப்பு போட்டீர்களா, கலவையை மாற்றினீர்களா, பாத்திக்கு மட்டும் இட்டீர்களா" என்ற மூன்று கேள்விகளுக்கு ஆம் என்று சொல்ல முடியாத முன்மொழிவு அதற்கேற்ப வெட்டுப்படும்.

2003, 2004இல் பேச்சு முறிந்தது என்கிறார்களே, என்ன நடந்தது?

தடைக்கு முந்திய கடைசிப் படியில், அதாவது 2003இல், வளர்ந்த நாடுகளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு அடிப்படையின் 30 வீதம். தடை வரவிருந்த 2005க்கு அமெரிக்கா கேட்ட விலக்கோ ஏறத்தாழ 39 வீதம். அதன் அடிப்படை சுமார் 25,500 தொன் என்பதால் ஒவ்வொரு வீதமும் 255 தொன். தடைக்குப் பிந்திய விலக்கு தடைக்கு முந்திய எல்லையைவிடப் பெரிது. இதை ஏற்றுக்கொண்டால் கால அட்டவணை என்று ஒன்று வகுத்ததில் பொருளே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 30 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று நின்றது. பல வருடங்களுக்கு ஒரே தடவையில் விலக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கையும் மேசையில் இருந்தது. வளர்முக நாடுகளின் கேள்வி நேரடியானது: பணமும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளவர்களுக்கே மாற்று இல்லை என்றால், 2015இல் எங்களை எப்படி நிறுத்தச் சொல்வீர்கள்?

2003 நவம்பரில் நைரோபி மாநாடு முடிவில்லாமல் கலைந்தது. இதற்காகவே 2004 மார்ச்சில் மொன்றியலில் ஒரு விசேட மாநாடு கூட்டப்பட்டது. உடன்படிக்கையின் வரலாற்றில் அதுதான் முதலாவது விசேட மாநாடு. அங்கே பிறந்த தீர்வை இரட்டை எல்லை என்பார்கள். பாவனைக்கு ஓர் எல்லை, புது உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் அதைவிடக் குறைந்த ஓர் எல்லை. அமெரிக்காவுக்குப் பாவனை 35 வீதம், புது உற்பத்தி 30 வீதம், இடைவெளியைக் கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டும். அமெரிக்கா பாவனையில் 30ஐத் தாண்டியது, எதிர்த்தவர்கள் உற்பத்தியை 30இலேயே நிறுத்தினார்கள். பல வருட விலக்கு கொடுக்கப்படவில்லை. வருடா வருடம் வந்து கணக்குக் காட்ட வேண்டும், 2006 பெப்ரவரி 1க்கு முன் தேசிய முகாமைத்துவத் திட்டம் கையளிக்க வேண்டும் என்பனவும் சேர்க்கப்பட்டன. அந்தக் கூட்டத்தில் 11 நாடுகளுக்கு மொத்தம் 13,000 தொன்னுக்கு மேல் விலக்குக் கிடைத்தது.

35 வீதத்தைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் கணிப்பு வேறு. அன்று வென்றது வருடா வருடம் கணக்குக் காட்டும் நிபந்தனைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிரும் ஒவ்வொரு வருடமும் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது, நிரூபிக்க முடியாதவை ஒன்றொன்றாக விழுந்தன. அமெரிக்கா கடைசியாக விலக்குப் பெற்ற வருடம் 2016, கலிபோர்னியா ஸ்ரோபெரிக்கும் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கும். அதன் பின்னும் சில வருடங்கள் அவுஸ்திரேலியாவும் கனடாவும் ஸ்ரோபெரி நாற்றுகளுக்குச் சிறு அளவு கேட்டன. நாற்று ஆயிரம் தோட்டங்களுக்குப் பரவும் என்பதால் நோயற்றது என்ற சான்றிதழ் அங்கே கட்டாயம், ஆகவே நாற்றுமேடையில் மாற்றுக்குப் போவது அந்த நாடுகளில் கடைசியாகத்தான் நடந்தது.

கையிருப்பு ஏன் அவ்வளவு பெரிய விடயம்?

களஞ்சியத்தில் உள்ள வாயு விலக்கில் எழுதப்படாவிட்டால், விலக்கும் உண்டு, அதற்கு மேலே களஞ்சியமும் உண்டு. அமெரிக்காவில் தனியார் கையில் பல ஆயிரம் தொன் இருந்தது, வர்த்தக இரகசியம் என்று தொடக்கத்தில் எண் வெளியிடப்படவில்லை. ஒரு சூழல் அமைப்பு இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2006இல் வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், தரப்பினர் மாநாட்டுத் தீர்மானங்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் நிறைவேற்றக்கூடிய சட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. மாநாட்டில் ஒரு சொல்லுக்காக விடிய விடிய இருப்பவர்களுக்கு அது கசப்பான பாடம். எண்கள் வருடாந்தக் கணக்குப் படிவத்துக்குள் வந்த பிறகுதான் கையிருப்பைக் கழித்துப் பேச முடிந்தது.

சுண்ணாம்புக்கல் நிலம் என்பது விலக்குக்குக் காரணமாகுமா?

ஆகியிருக்கிறது. மண் புகையூட்டலுக்கு, அதாவது வாயு செலுத்தி மண்ணிலுள்ள பீடையைக் கொல்வதற்கு, முக்கிய மாற்று 1,3-டைகுளோரோபுரோப்பீன். அது வெடிப்பும் குகையும் உள்ள சுண்ணாம்புக்கல் வழியே நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும் என்பதால் அமெரிக்காவில் அப்படிப்பட்ட நிலங்களில் பாவிக்கக்கூடாது என்று லேபிளிலேயே இருக்கிறது. புளோரிடா முதலிய தென்கிழக்கு மாநிலங்களின் தக்காளி, மிளகாய் முன்மொழிவுகளில் இந்தக் காரணமும் கோரைத் தாக்கமும்தான் முன்னால் நின்றன.

வலிகாமத்தில் இருப்பதும் அதே வகை நிலம். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் நாம் குடிக்கும் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆகவே "மெதைல் புரோமைட்டு இல்லாவிட்டால் வேறு புகையூட்டி" என்று யாராவது சொன்னால், எங்கள் மண்ணில் அது கிணற்றுக்குள் போகுமா என்பதை முதலில் கேளுங்கள்.

மாநாட்டில் வாக்கெடுப்பு நடக்குமா? சிறிய நாட்டின் குரல் எடுபடுமா?

சட்டப்படி வாக்கெடுப்புக்கு இடமுண்டு. நடைமுறையில் எல்லாம் ஒருமித்த கருத்தாலேயே. யாரும் எழுந்து மறுக்கவில்லை என்றால் தீர்மானம் நிறைவேறும். பெரிய மண்டபத்தில் நடப்பது அறிக்கை வாசிப்பு. உண்மையான பேரம் தொடர்புக் குழு என்ற சிறிய அறையில் நடக்கும். அங்கே வரைவுத் தாளில் உடன்பாடில்லாத சொற்கள் சதுர அடைப்புக்குள் நிற்கும். ஒவ்வோர் அடைப்பாக நீக்குவதுதான் வேலை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அறைகளில் குழு கூடும், ஒரே ஓர் அதிகாரியை அனுப்பும் நாடு எதில் இருப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். ஆனால் ஒருமித்த கருத்து என்ற விதி இருப்பதால், அறைக்குள் இருக்கும் சிறிய நாட்டின் மறுப்புக்கும் பெரிய நாட்டின் மறுப்புக்கும் எடை ஒன்றே.

அவசரத்துக்கு என்ன வழி?

தீர்மானம் 9/7. திடீர்த் தேவைக்கு ஒரு நாடு செயலகத்துக்கு அறிவித்துவிட்டு 20 தொன் வரை பாவிக்கலாம். அது சரியான தேவைதானா என்று பின்னர் ஆராய்வார்கள்.

அப்படியானால் கொழும்புத் துறைமுகத்தில் இன்றும் மெதைல் புரோமைட்டு அடிக்கிறார்களே?

அது வேறு வாசல். தொற்றுத்தடைக்கும் (வேறு நாட்டுப் பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுப்பதற்கும்) ஏற்றுமதிக்கு முந்திய புகையூட்டலுக்கும் உடன்படிக்கை எல்லையே வைக்கவில்லை. ஏற்றுமதிக்கு முந்தியது என்றால் கப்பலேறுவதற்கு 21 நாட்களுக்குள், இறக்குமதி நாட்டினதோ ஏற்றுமதி நாட்டினதோ அதிகாரபூர்வ விதிப்படி செய்வது. அளவு இல்லை, வருடாந்த முன்மொழிவு இல்லை, இறுதித் திகதியும் இல்லை. கணக்கை அறிவித்தால் போதும். உலகம் முழுவதும் வருடத்துக்கு ஏறத்தாழ 10,000 தொன் இந்த வாசலால் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடா வருடம் கேள்வி கேட்கப்பட்ட விலக்கு 13,000 தொன்னிலிருந்து சில பத்துத் தொன்னாகச் சுருங்கியது. கேள்வி கேட்கப்படாத விலக்கு அசையவில்லை. அங்கும் மாற்று இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010 மார்ச்சிலிருந்து தொற்றுத்தடைக்கும் சேர்த்தே நிறுத்திவிட்டது, வர்த்தகம் நின்றுபோகவில்லை. ஆனால் வேறு நாட்டுப் பூச்சி உள்ளே வந்துவிடும் என்ற பயம் நியாயமான பயம். இறக்குமதி நாடு மெதைல் புரோமைட்டுத்தான் வேண்டும் என்று விதித்தால் ஏற்றுமதி செய்பவருக்கு வேறு வழியில்லை. ஆகவே திறப்பு ஓசோன் மாநாட்டில் மட்டும் இல்லை, இரு நாட்டுத் தாவரத் தொற்றுத்தடை அதிகாரிகள் எழுதும் இறக்குமதி நிபந்தனையிலும் இருக்கிறது. அந்த நிபந்தனையில் "அல்லது வெப்பப் பரிகரிப்பு" என்ற மூன்று சொற்கள் சேர்ந்தாலே பல தொன் குறையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மரப் பெட்டியிலோ பலட்டிலோ பொருள் அனுப்புகிறோம். எதைத் தெரிவு செய்வது?

வெப்பப் பரிகரிப்பைக் கேளுங்கள். சர்வதேச தாவரப் பாதுகாப்பு நியமம் 15இன்படி மரத்தின் நடுப்பகுதி 56 பாகையை அடைந்து தொடர்ந்து 30 நிமிடம் நிற்க வேண்டும். மெதைல் புரோமைட்டு என்றால் 21 பாகையிலும் அதற்கு மேலும் கன மீற்றருக்கு 48 கிராம், குறைந்தது 24 மணித்தியாலம், முடிவில் கன மீற்றருக்கு 24 கிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். மிகச் சிறிய பக்கம் 20 சென்ரிமீற்றரைத் தாண்டிய மரத்துக்கு வாயு செல்லாது. பட்டையை முதலே உரித்திருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் அனுப்புபவர் முத்திரையில் வெப்பப் பரிகரிப்புக் குறி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஏற்றுமுன் பார்க்க வேண்டும். பழுதான பலட்டில் புதுப் பலகை அடித்துவிட்டுப் பழைய முத்திரையோடு அனுப்புவதால்தான் பல தடவை சரக்கு மறிபடுகிறது.

புகையூட்டிய கொள்கலன் வந்தால்?

மணக்கவில்லை என்று உள்ளே போகாதீர்கள். மெதைல் புரோமைட்டுக்கு மணம் கிடையாது. மண்ணுக்கு விற்ற கலவையில் கண்ணெரிக்கும் குளோரோபிக்ரினை 2 வீதம் சேர்த்ததே எச்சரிக்கைக்காகத்தான், சரக்குக்கு அடிப்பதில் அதுவும் இராது. நெஞ்சு இறுக்கமும் நடுக்கமும் மணிக்கணக்கில் கழித்தும் வரலாம். கதவை இரு பக்கமும் திறந்து காற்றோட விட்டு, வாயு அளக்கும் கருவியால் சோதித்த பின்னரே ஆள் இறங்க வேண்டும். வாயு கீழே படியும், காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் பாரமானது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் தூக்க ஓடுபவரும் விழுவார்.

இலங்கையில் கமக்காரர் இதை வாங்க முடியுமா?

முடியாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவாளரின் அனுமதியில்லாத எதையும் விற்கவே கூடாது. மண்ணுக்கான பாவனை நின்றுவிட்டது. யாராவது உருளையைக் காட்டி மலிவாகத் தருகிறேன் என்றால் கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள்.

அப்படியானால் எங்கள் நாற்றுமேடை வட்டப்புழுவுக்கு என்ன செய்வது?

வெயில்தான் எங்களிடமுள்ள மருந்து. கோடையில் மேடையைக் கொத்திச் சீராக்கி, மாலையில் நன்றாக நனைத்து, மறுநாள் காலை நிறமற்ற மெல்லிய பொலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து நாலு முதல் ஆறு கிழமை விடுங்கள். கறுப்புப் பொலித்தீன் வெயிலைத் தானே உறிஞ்சிவிடும், மண் போதிய அளவு சூடாகாது. உலர்ந்த மண்ணிலும் சூடு இறங்காது, உலர்நிலையில் உறங்கும் புழுவும் சாகாது. சோளகக் காற்றுக்கு விரிப்பு கிளம்பும், ஆகவே ஓரத்தைச் சாணளவு ஆழத்தில் புதைத்து மண்ணால் மூடுங்கள். ஒரு மூலை கிளம்பினாலும் அந்தப் பக்கம் பலன் இல்லை. மேல்மண் ஒரு சாண் வரைதான் துப்புரவாகும். விரிப்பை எடுத்த பின் ஆழக் கொத்தினால் கீழே தப்பிய புழுவை மேலே கொண்டுவந்துவிடுவீர்கள், மேலாகக் கிளறி விதையுங்கள். கோரைக்கிழங்குக்கு இது போதாது, பொலித்தீனையே குத்திக்கொண்டு வரும். கோரையுள்ள இடத்தில் நாற்றுமேடை போடாதீர்கள்.

நாற்றைத் தென்னந்தும்புத் தூள் நிரப்பிய தட்டில் வளர்த்தால் மண் பிரச்சினையே வராது. கத்தரி, தக்காளியைச் சுண்டங்கத்தரி அடிக்கட்டையில் ஒட்டினால் வேர்முடிச்சுப் புழுவும் பக்றீரியா வாடலும் தாங்கும். தோட்டத்துக்குச் சணல். பசளைக்கென்று விதைக்கும் சணலில் வேர்முடிச்சுப் புழு பெருகுவதில்லை என்பதால், அதைப் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால் இரண்டு பலன். காய் பிடிக்க விட்டால் தண்டு முற்றி உக்க நாளெடுக்கும்.

தடையால் பலன் கிடைத்ததா?

வளிமண்டலத்தில் மெதைல் புரோமைட்டு 1990களின் கடைசியில் ஒரு இலட்சம் கோடிக்கு 9க்குச் சற்று மேல் இருந்தது. 2010களில் 7க்குக் கீழே வந்துவிட்டது. கடலும் காட்டுத்தீயும் இயற்கையாகவே இதை வெளிவிடுவதால் பூச்சியத்துக்கு வராது. கூடியிருந்தது மனிதர் சேர்த்தது, குறைந்ததும் அதுதான். மிஞ்சியிருப்பதில் நாங்கள் குறைக்கக்கூடிய பங்கு பெரும்பாலும் துறைமுகங்களில் பலட்டுக்கும் மரத்துக்கும் அடிக்கப்படுவது.